மேற்கு ஏரியில் ஒரு நாள்: சுற்றாதீர்கள், குறுக்கே போங்கள்

சீனாவின் ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரிக்கு முதல் முறை போனபோது நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தைப் பார்த்தேன், சுற்றளவு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் என்றது. சரி, ஒரு நாள் முழுக்க இருக்கிறதே, மெதுவாக நடந்து ஒரு சுற்று சுற்றிவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். மதியம் 2 மணிக்கு மேற்குக் கரையில், இருபுறமும் மரங்கள் அடர்ந்து ஏரியே கண்ணில் படாத ஒரு சாலையில், கால் கடுத்து, தண்ணீர் தீர்ந்து, இன்னும் பாதி தூரம் பாக்கி என்று உட்கார்ந்திருந்தேன். ஏரியைப் பார்க்க வந்தவன் தார்ச்சாலையைப் பார்த்ததுதான் மிச்சம்.

அதன் பிறகு ஷாங்காயில் வேலை பார்த்த நாட்களில் பல தடவை போயிருக்கிறேன், ஊரிலிருந்து வந்த உறவினர்களையும் கூட்டிப் போயிருக்கிறேன். போகப் போகப் புரிந்தது, இந்த ஏரியைச் சுற்றக் கூடாது, குறுக்கே போக வேண்டும். வடகிழக்கு மூலையில் தொடங்கி, கரைப்பாதை வழியாகத் தண்ணீருக்கு நடுவே நடந்து, அங்கிருந்து படகில் தீவுக்குப் போய், தீவிலிருந்து தென்கரைக்கு இறங்கி, சூரியன் சாயும் நேரத்துக்குக் கோபுரத்தடியில் இருப்பது. நடை மொத்தம் எட்டு கிலோமீட்டருக்குள் அடங்கும், அதுவும் நாள் முழுக்கப் பரவி இருப்பதால் வயதானவர்களுக்கும் தாங்கும். கீழே எழுதியிருப்பது அந்த ஒரு நாளுக்கான வழி.

எப்போது போகலாம், எப்போது போகவே கூடாது

அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவின் தேசிய தின விடுமுறை. அந்த வாரம் போகாதீர்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அந்த நாட்களில் பாலத்தின் மேல் மனிதர்கள் நடப்பதில்லை, கூட்டம்தான் அவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. மே 1 ஒட்டிய விடுமுறையும் ஏப்ரல் தொடக்கத்தில் வரும் கல்லறைத் திருநாள் விடுமுறையும் அப்படியே. மற்றபடி வார நாளாகப் பார்த்துப் போனால் போதும், செவ்வாயோ புதனோ நல்லது.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை கரைப்பாதைகளில் பீச் மரம் ஒன்று, வில்லோ மரம் ஒன்று என்று மாற்றி மாற்றி நட்டிருப்பது பூத்தும் தளிர்த்தும் நிற்கும். ஜூன் நடுவில் தொடங்கும் மழைக்காலத்தில் எல்லாம் நசநசவென்று இருக்கும், சட்டை காயாது. ஜூலை, ஆகஸ்டில் தாமரை, கூடவே நம் ஊர் கத்திரி வெயிலுக்குக் குறையாத புழுக்கம். செப்டம்பர் கடைசியில் ஓஸ்மாந்தஸ் என்ற மரம் பூக்கும், அரிசிமணி அளவுப் பூ, மரத்தைத் தேட வேண்டியதில்லை, வாசம் முதலில் வந்துவிடும். என்னைக் கேட்டால் அக்டோபர் விடுமுறை முடிந்த அடுத்த வாரமே சிறந்தது.

மழை என்று பார்த்தால் திரும்பிவிடாதீர்கள். 11ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் அதிகாரியாக இருந்த கவிஞர் சூ தோங்போ இந்த ஏரியை சீ ஷி என்ற பழங்காலத்து அழகிக்கு ஒப்பிட்டார். மெல்லிய ஒப்பனை போட்டாலும் அழகு, அழுத்தமாகப் போட்டாலும் அழகு, அதைப்போல வெயிலிலும் அழகு, மழையிலும் அழகு என்று. கவிஞர் சொன்னதற்காக அல்ல, நான் தூறலில் நனைந்து பார்த்தே சொல்கிறேன். பின்னால் இருக்கும் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் நிறத்தில் கரைந்து நிற்பது மழை நாளில்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முன்

சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய் வரலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எடுக்க வேண்டும். ரயில் டிக்கெட்டும் கடவுச்சீட்டு எண்ணில்தான் பதிவாகும், ஆகவே அசலையே கையில் வைத்திருங்கள், நகல் உதவாது.

அடுத்தது பணம். ஹாங்சோ, ஃபோனிலேயே பணம் கட்டும் அலிபே செயலி பிறந்த ஊர். இங்கே இளநீர் விற்பவர்கூட ஒரு கட்டம் போட்ட அட்டையைத்தான் நீட்டுவார். ஊரில் இருக்கும்போதே அலிபே செயலியை இறக்கி, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்து, கடவுச்சீட்டைக் காட்டிச் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்யலாம் என்று விட்டால் வங்கியிலிருந்து வரும் ஓடிபி வராமல் திண்டாடுவீர்கள். 200 யுவானுக்குக் குறைவான தொகைகளுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். ரொக்கத்தையும் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் சில்லறை இருக்காது. அவசரத்துக்கு ஒரு 200, 300 யுவான் சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் அங்கத்திய இணையத்தில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் போட்டாலோ, பயணத்துக்கான இ-சிம் வாங்கினாலோ திறக்கும். திறந்தாலும் கூகுள் வரைபடத்தை நம்பிச் சீனாவில் நடக்காதீர்கள், ஒரு தெரு தள்ளிக் காட்டும். உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் ஆமாப் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஆப்பிள் வரைபடமும் ஒழுங்காக வேலை செய்கிறது.

இத்தனையும் ஃபோனுக்குள் இருப்பதால் ஒரு ஆபத்து உண்டு. ஒரு தடவை மாலை ஆறரைக்கு என் ஃபோன் அணைந்துவிட்டது. பணம் அதில், வரைபடம் அதில், மெட்ரோவுக்கான குறியீடு அதில். கடைக்குக் கடை வாடகைக்கு பவர் பேங்க் வைத்திருக்கிறார்கள், எடுக்க வேண்டுமானால் ஃபோனால் ஸ்கேன் செய்ய வேண்டும்! கடைசியில் ஒரு டீக்கடைப் பெண் தன் ஃபோனில் ஸ்கேன் செய்து எடுத்துக் கொடுத்தார். சொந்தமாக ஒன்றை எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் 30 சதவீதம் இருக்கும்போதே ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுங்கள், ஒரு கடையில் எடுத்து வேறு கடையில் திருப்பித் தரலாம்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு குடை, கழிப்பறைக்குக் காகிதக் கைக்குட்டை, ஒரு ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க் கட்டாயம். சீனாவில் ரயில் பெட்டியிலிருந்து நிலையம் வரை எங்கும் கொதிநீர் இலவசம், தேயிலையைப் போட்டு ஊற்றிக்கொண்டே போகலாம்.

போய்ச் சேருவது

ஷாங்காய் ஹோங்ச்சியாவ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஹாங்சோ கிழக்கு நிலையம் ஒரு மணி நேரம், சில வண்டிகள் 45 நிமிடத்திலேயே போய்விடும். இரண்டாம் வகுப்பு நூறு யுவானுக்குள். ஒரு யுவான் என்பதை 12, 13 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்கு முந்தைய வண்டியைப் பிடித்தால் நாள் உங்களுடையது. ஹாங்சோ கிழக்கில் இறங்கியதும் வெளியே வராமல் மெட்ரோ முதல் தடத்தைப் பிடித்து லோங்சியாங்ச்சியாவ் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து நடந்து ஐந்து நிமிடத்தில் தண்ணீர் தெரியும். டாக்சி எடுக்காதீர்கள், ஏரியோரச் சாலைகள் எப்போதும் நெரிசல், மீட்டர் ஓடும், வண்டி ஓடாது.

காலை: வடகிழக்கு மூலை

ஏரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2002ஆம் ஆண்டில் கரையோரப் பூங்காக்களின் வேலிகளை எடுத்து எல்லாரும் வரலாம் என்று விட்டுவிட்டார்கள், 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகும் அதை மாற்றவில்லை. எனவே யாராவது ஏரியோரம் நின்று டிக்கெட் என்று நீட்டினால் சிரித்துவிட்டு நடந்துவிடுங்கள்.

ஏரியை இடது கையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தால் ஒன்றரை கிலோமீட்டரில் உடைந்த பாலம். இந்த நடையை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். காலையில் இங்கே சுற்றுலாக்காரர்களைவிட ஊர்ப் பெரியவர்கள்தான் அதிகம். ஒரு பக்கம் தைச்சி, ஒரு பக்கம் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டு. பெரியவர் ஒருவர் முழங்கால் உயரத் தூரிகையைத் தண்ணீர் வாளியில் தோய்த்து நடைபாதைக் கல்லில் எழுத்து எழுதிக்கொண்டிருப்பார். மை கிடையாது, வெறும் தண்ணீர். நான் ஒரு நாள் நின்று பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு எழுத்து, பின்னால் ஒரு அடி வைத்து அடுத்த எழுத்து, கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்தின் ஓரம் காயத் தொடங்கிவிட்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வாளியை நகர்த்தி அடுத்த வரியைத் தொடங்கிவிட்டார். படம் எடுக்கலாமா என்று கையால் கேட்டேன், சிரித்துத் தலையாட்டினார்.

உடைந்த பாலம் உடையவில்லை. இதைக் கேட்டு ஏமாறாத ஆளே இல்லை. பனி பெய்த பிறகு வளைவின் உச்சியில் வெயில் பட்டு முதலில் உருகிவிட, தூரத்திலிருந்து பார்த்தால் நடுவே அறுந்ததுபோலத் தெரிவதால் அந்தப் பெயர் என்று ஒரு விளக்கம். குஷான் குன்றிலிருந்து வரும் பாதை இங்கே வந்து முடிவதால் என்று இன்னொன்று. பாலம் தன்னளவில் சாதாரணக் கல்பாலம்தான், உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் வெள்ளைப் பாம்பின் கதை தெரிந்தால் வேறு மாதிரி இருக்கும். ஆயிரம் ஆண்டு தவமிருந்து பெண்ணுருக் கொண்ட பாய் சூசென் என்ற வெள்ளைப் பாம்பு, மழை நாளில் சூ சியான் என்ற சாதாரண இளைஞனைச் சந்திப்பது இங்கேதான். அவன் குடை கொடுக்கிறான், காதல், கல்யாணம். பிறகு ஃபாஹாய் என்ற பிக்கு குறுக்கே வந்து அவளைப் பிரித்து லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் அடைத்துவிடுகிறார். சீனாவில் இந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது. பாலத்தில் ஜோடி ஜோடியாகக் குடையோடு நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்தால் இப்போது காரணம் புரியும். அந்தக் கோபுரத்துக்கு மாலையில் போகப் போகிறோம், கதையை நினைவில் வைத்திருங்கள்.

பாலத்தைத் தாண்டினால் பாய் கரைப்பாதை, ஒரு கிலோமீட்டர், இருபுறமும் தண்ணீர். 822 முதல் 824 வரை இங்கே ஆட்சியாளராக இருந்த கவிஞர் பாய் ஜூயீயின் பெயரை மக்கள் இதற்கு வைத்துவிட்டார்கள். அவர் கட்டிய கரை உண்மையில் வேறு, அது இப்போது இல்லை. பெயரைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கரைக்கு வைத்திருக்கிறார்கள், நன்றி சொல்ல அது ஒரு வழி. வில்லோ மரத்தடி பெஞ்சுகளில் ஒன்றைப் பிடித்து உட்காருங்கள். அணில்கள் பயமே இல்லாமல் காலடிக்கு வரும், நம் ஊர் அணிலைவிடப் பெரியவை, முதுகில் கோடு கிடையாது. உப்புப் போட்ட கடலையைக் கொடுக்காதீர்கள்.

கரை முடியும் இடம் குஷான் என்ற தீவுக்குன்று. மாகாண அருங்காட்சியகத்தின் பழைய கட்டடமும், 1904இல் தொடங்கிய சீலிங் முத்திரைச் சங்கமும் இங்கேதான். கல்லில் பெயர் முத்திரை வெட்டும் கலைக்கென்றே ஒரு சங்கம். மேலே ஏறும் பாதையில் மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன மண்டபங்கள், ஒரு குளம், சத்தமே இல்லை. கீழே ஆயிரம் பேர் நடந்துகொண்டிருக்க, இங்கே பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாப்பாடு

பசிக்கும் நேரம் இதுதான், இடமும் இதுதான். குஷான் கரையிலேயே லோ வாய் லோ என்ற 1848ஆம் ஆண்டு உணவகம் இருக்கிறது, பெயர் பெற்றது, கூட்டமும் அதற்கேற்ப. ஹாங்சோவுக்கே உரிய பண்டங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். தோங்போ பன்றி இறைச்சி, சோயாவிலும் அரிசி மதுவிலும் மெல்லிய தீயில் மணிக்கணக்காக வெந்தது, சாப்ஸ்டிக் பட்டாலே பிரிந்துவிடும். லாங்ஜிங் தேயிலை போட்டு வதக்கிய இறால் எனக்குப் பிடிக்கும், காரமே இல்லாத ருசி. மேற்கு ஏரி வினிகர் மீன் என்று ஒன்று, புல்கெண்டை மீனின் மேல் இனிப்பும் புளிப்புமான கரும்பழுப்புக் குழம்பை ஊற்றித் தருவார்கள். சீனர்களே இதைக் கிண்டல் செய்வார்கள். மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், முள்ளும் அதிகம்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் காலையில் லோங்சியாங்ச்சியாவ் பக்கத்துத் தெருக்களிலேயே கையில் எதையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோங்பாவ்ஹுய் என்று ஒரு தின்பண்டம் உண்டு, பொரித்த மாவுக்குச்சியையும் வெங்காயத்தாளையும் மெல்லிய ரொட்டியில் சுருட்டிக் கல்லில் அழுத்திச் சுட்டுத் தருவார்கள். அந்த மாவுக்குச்சிக்குள் இருப்பது ச்சின் ஹுய் என்ற அமைச்சன் என்பது மக்கள் பேச்சு. யுவே ஃபெய் என்ற தளபதியைச் சதி செய்து 1142இல் கொல்லவைத்தவன். குஷானுக்கு மேற்கே யுவே ஃபெய் கோயிலில் அவனும் அவன் மனைவியும் இரும்புச் சிலையாக இன்றும் மண்டியிட்டுக் கிடக்கிறார்கள், ஒரு காலத்தில் வருகிறவர்கள் எல்லாம் அவர்கள்மேல் துப்பிவிட்டுப் போவார்களாம். அப்படிப்பட்டவனை எண்ணெயில் பொரித்துத் தின்பதில் ஊருக்கு ஒரு திருப்தி.

சைவம் என்றால் 'வோ ச்சி சூ' என்று சொல்லிப் பாருங்கள், நான் சைவம் என்று பொருள். உச்சரிப்பு சரியாக வராது, ஆகவே சீன எழுத்தில் எழுதிய படத்தை ஃபோனில் வைத்திருந்து காட்டுவது மேல். இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது, இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பச்சைக் காய்கறியைக்கூடச் சில இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள்.

இனிப்புக்கு தாமரைக்கிழங்கு மாவுக் கூழ். கடையில் செய்வதைக் கவனியுங்கள், முதலில் ஒரு கரண்டி பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துவிட்டு, பிறகு கொதிநீரை ஒரே ஊற்றாக ஊற்றிக் கிளறுவார்கள். வெள்ளையாக இருந்தது நான்கு சுற்றில் கண்ணாடிபோல ஆகிவிடும். மேலே ஓஸ்மாந்தஸ் பூவைத் தூவுவார்கள். நேரே கொதிநீரை ஊற்றினால் கட்டி தட்டிவிடும், பாக்கெட் வாங்கி வந்து வீட்டில் செய்து நான் கற்ற பாடம்.

மதியம்: தண்ணீரின் குறுக்கே

குஷானில் சோங்ஷான் பூங்காவுக்கு எதிரே படகுத்துறை. தீவுக்குப் போகும் பெரிய படகுக்கு நான் கொடுத்தது 55 யுவான், போக வர, தீவுக்குள் நுழைவதும் சேர்த்து. துடுப்புப் படகு வேறு. அது மணிக்கணக்கு, நான்கு பேர் உட்காரும் படகுக்கு ஒரு மணிக்கு 150 யுவான் வாங்கினார்கள், அது தீவில் நிற்காது, சும்மா மிதந்துவிட்டு வரும். நான்கு பேராகப் போனால் ஆளுக்கு நாற்பது யுவான்கூட வராது, கொடுக்கலாம். தனியாக என்றால் பெரிய படகே போதும். துறையில் எழுதிப் போட்டிருக்கும் விலைப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கரையில் கையைப் பிடித்து இழுப்பவர்களிடம் போகாதீர்கள்.

தீவின் பெயர் சியாவ்யிங்சோ. மிங் அரச காலத்தில், 1607இல், ஏரியைத் தூர்வாரிய சேற்றைக் கொட்டி உருவாக்கியது. மேலிருந்து பார்த்தால் வளையம்போல இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர்தான்; ஏரிக்குள் தீவு, தீவுக்குள் ஏரி. வளைந்து வளைந்து போகும் பாலங்கள், தாமரை, அல்லி. கூட்டத்தோடு கூட்டமாக தெற்கு முனைக்குப் போங்கள். தண்ணீரில் இரண்டு மீட்டர் உயரத்தில் மூன்று குட்டிக் கல்கோபுரங்கள் நிற்கும். பக்கத்தில் எல்லாரும் ஒரு யுவான் நோட்டை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்தக் காட்சிதான். சில்லறை வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதில் ஒன்று இதற்கு.

இந்த மூன்று கோபுரங்கள் அழகுக்காக வந்தவை அல்ல. சூ தோங்போ 1089இல் இரண்டாம் முறையாக இங்கே அதிகாரியாக வந்தபோது ஏரி பாதிக்குப் பாதி களை மண்டித் தூர்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஆட்களை இறக்கித் தூர்வாரினார். கரையோரத் தண்ணீரில் பயிர் வைக்கக் குத்தகைக்கு விட்டால் அவர்களே களையெடுத்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு செய்தார். ஆனால் நடு ஏரிக்குள் வந்துவிடக் கூடாது, அதற்கு எல்லைக்கல்லாக நட்டவை மூன்று கோபுரங்கள். அவர் வைத்தவை போய், இப்போது நிற்பவை 17ஆம் நூற்றாண்டில் மறுபடி வைத்தவை. ஒவ்வொன்றிலும் ஐந்து வட்டத் துளைகள். நடு இலையுதிர்காலப் பௌர்ணமி இரவில் உள்ளே விளக்கேற்றித் துளைகளில் மெல்லிய தாளை ஒட்டினால் தண்ணீரில் நிலவு நிலவாக விழும். வாரிய சேற்றை எங்கே கொட்டுவது? ஏரியின் குறுக்கே தெற்கிலிருந்து வடக்காகக் கொட்டி 2.8 கிலோமீட்டருக்குக் கரை போட்டுவிட்டார். ஆறு பாலங்களோடு இன்றும் நிற்கும் சூ கரைப்பாதை அதுதான்.

ஏரி முழுக்கவே இப்படித்தான். சராசரி ஆழம் இரண்டேகால் மீட்டர், விட்டால் தூர்ந்துவிடும். ஆயிரம் ஆண்டாக யாராவது வாரிக்கொண்டே இருந்ததால்தான் ஏரியாக இருக்கிறது. நீங்கள் நடக்கும் கரை, ஏறும் தீவு எல்லாம் வாரிய சேறு.

தீவிலிருந்து திரும்பும்போது கவனம். படகுகள் வெவ்வேறு துறைகளுக்குப் போகும். நான் ஒரு தடவை வரிசை குறைவாக இருக்கிறதே என்று ஏறி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். பலகையைப் பார்த்து, சந்தேகமானால் ஊழியரிடம் 'ஹுவாகாங்?' என்று மட்டும் கேட்டு, தெற்கே ஹுவாகாங் துறைக்குப் போகும் படகில் ஏறுங்கள். மாலை 4 மணிக்கு மேல் தீவுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள், கடைசிப் படகை விட்டால் நாள் திட்டமே குலைந்துவிடும்.

ஹுவாகாங்கில் இறங்கினால் மீன் பார்க்கும் பூங்கா. சிவப்பு மீன்கள் வாயைத் திறந்துகொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறும், குழந்தைகளோடு போனால் ஒரு மணி நேரம் போய்விடும். பெரியவர்கள் அதைத் தாண்டி சூ கரைப்பாதைக்குப் போங்கள். முழு 2.8 கிலோமீட்டரும் நடக்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து இரண்டாவது பாலம் வரை போய், அதன் உச்சியில் நின்று இருபக்கமும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கால் ஒத்துழைக்கவில்லை என்றால் மின்சார வண்டி ஓடுகிறது, கையைக் காட்டினால் நிற்கும், துண்டு துண்டாகக் கட்டணம்.

மாலை: கோபுரம்

பகோடா என்று எழுதினால் நமக்கு வெங்காயம்தான் நினைவுக்கு வரும், அதனால் கோபுரம் என்றே எழுதுகிறேன். லெய்ஃபெங் கோபுரம் 975ஆம் ஆண்டளவில் வுயுவே நாட்டு அரசர் கட்டியது. பிற்காலத்தில் இதன் செங்கல்லுக்கு நோய் தீர்க்கும் சக்தி, பிள்ளை வரம் தரும் சக்தி என்று நம்பி ஆளாளுக்கு ஒரு கல்லாக உருவிக்கொண்டு போய், 1924 செப்டம்பர் 25 அன்று மொத்தமாக இடிந்து விழுந்தது. வெள்ளைப் பாம்பு வெளியே வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. இப்போது இருப்பது 2002இல் எஃகும் செம்புமாகக் கட்டியது, வெளியே நகரும் படிக்கட்டு, உள்ளே லிஃப்ட். அதைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். ஆனால் முழங்கால் வலியோடு வந்த என் பெரியம்மாவை மேல் தளம் வரை கூட்டிப் போக முடிந்தது அந்த லிஃப்டால்தான். டிக்கெட் 40 யுவான். அடித்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பழைய கோபுரத்தின் செங்கல் குவியல் அப்படியே இருக்கிறது, அதைப் பார்க்காமல் மேலே ஏறாதீர்கள்.

மேலிருந்து பார்த்தால் நீங்கள் அன்று நடந்த வழி முழுக்கத் தெரியும்: அந்தக் கோடியில் பாய் கரை, நடுவே தீவு, இடது பக்கம் சூ கரை. காலையில் வரைபடத்தில் குழப்பமாக இருந்ததெல்லாம் இங்கே ஒரே பார்வையில் விளங்கிவிடும். குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏரியின் புகழ்பெற்ற பழைய பத்துக் காட்சிகளில் ஒன்றான 'லெய்ஃபெங் அந்தி ஒளி' வேண்டுமானால் கோபுரத்தின் மேல் நின்றால் எப்படித் தெரியும்? சூரியன் சாய்வதற்கு முக்கால் மணி முன்பே கீழே இறங்கி, கிழக்கே சாங்ச்சியாவ் பூங்காவுக்கு நடந்துவிடுங்கள். அங்கிருந்து பார்த்தால் கோபுரம் கறுத்து நிற்க, பின்னால் வானம் சிவக்கும். முக்காலி வைத்துக்கொண்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாத்தாக்களோடு சண்டை போடாமல் பக்கவாட்டில் நில்லுங்கள், அங்கேயும் அதே காட்சிதான்.

அடுத்த நாளுக்கு விட வேண்டியவை

லிங்யின் கோயிலையும் லாங்ஜிங் தேயிலைத் தோட்டங்களையும் இதே நாளில் திணிக்காதீர்கள். இரண்டும் ஏரிக்கு மேற்கே மலைப்பக்கம், தனி நாள் வேண்டும். லிங்யின் 328ஆம் ஆண்டு ஹுய்லி என்ற இந்தியத் துறவி தொடங்கியது என்பது மரபு. எதிரே உள்ள பாறைக்குன்றைப் பார்த்து, இது எங்கள் நாட்டில் உள்ள குன்றாயிற்றே, இங்கே எப்போது பறந்து வந்தது என்று அவர் கேட்டாராம். இன்றும் அதன் பெயர் ஃபெய்லாய் ஃபெங், பறந்து வந்த குன்று. அதன் குகைகளில் நூற்றுக்கணக்கான புத்தர் சிற்பங்கள்.

தேயிலை விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஏரியோரம் வந்து சிரித்துப் பேசி, எங்கள் வீட்டுத் தோட்டம் பக்கத்தில்தான், வாருங்கள் டீ குடிக்கலாம் என்று கூப்பிடுபவர்களோடு போகாதீர்கள். கடையில் விலை கேட்கும்போது அவர்கள் சொல்வது ஒரு 'ஜின்' விலை, அதாவது 500 கிராம், கிலோ அல்ல. ஏப்ரல் தொடக்கத்துத் திருநாளுக்கு முன் கிள்ளிய இளந்தளிர்தான் மிக விலை, நம் பாலில் போட்டுக் கொதிக்கவைக்க அது ஆகாது. வாங்கினால் 50 கிராம் வாங்கி, கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொதி அடங்கிய நீரை ஊற்றுங்கள். இலைகள் செங்குத்தாக நின்று மெல்ல இறங்குவதைப் பார்ப்பதற்கே பாதிக் காசு.

இரவு

சாங்ச்சியாவிலிருந்து கிழக்குக் கரையோரமாகவே வடக்கே நடந்தால் மூன்று கிலோமீட்டரில் கிளம்பிய இடம். முடியாதவர்கள் பஸ் ஏறிவிடுங்கள், இரண்டு யுவான். இருட்டிய பிறகு மலைமேல் பாவ்சு கோபுரமும் பின்னால் லெய்ஃபெங்கும் விளக்கில் நிற்கும், தண்ணீரில் அவற்றின் நிழல் ஆடும். ஏரியோரம் இசை நீரூற்று ஓடும் நாள் என்றால் கூட்டம் நெருக்கியடிக்கும், குழந்தையின் கையை விடாதீர்கள். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது, காலையில் பெரியவர் தண்ணீரால் எழுதியதைப் பார்த்த கண்ணுக்கு அந்த வண்ண விளக்கு கொஞ்சம் அதிகம்.

ஷாங்காய் திரும்புபவர்கள் கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள், கிழக்கு நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். மெட்ரோ வாசலில் பையை ஸ்கேன் செய்வார்கள். ஃபிளாஸ்க்கை வெளியே எடுக்கச் சொல்லி, சில சமயம் ஒரு மடக்கு குடித்துக் காட்டவும் சொல்வார்கள். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை கொதிநீர் ஊற்றி வெளுத்துப்போன தேநீராகத்தான் இருக்கும், குடித்துக் காட்டிவிட்டு உள்ளே போங்கள்.